பிழை கையிலா, கருவியிலா?

ஒரு பொருளைச் செய்பவர் ஒருவர். அதனை நாள்தோறும் கையாள்பவர் வேறொருவர். தச்சரும் கொல்லரும் நம் ஊரிலேயே வாழ்ந்த காலத்தில் இவ்விருவருக்கும் இடையே பெருந்தூரம் இருக்கவில்லை. மண்வெட்டிப் பிடி உள்ளங்கையை உறுத்தினால், மறுநாட் காலையில் பட்டறைக்குச் சென்று முறையிடலாம். அவரும் நம் கையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பிடியைச் சீவித் தருவார். இன்று நம் வீட்டிலுள்ள சலவை இயந்திரத்தை வடிவமைத்தவரை நாம் காணப் போவதில்லை. அவரும் நம்மைக் காணப் போவதில்லை. கண்ணாற் காணாத ஒருவரின் கைக்கும் கண்ணுக்கும் மனத்துக்கும் பொருந்துமாறு ஒரு பொருளை ஆக்குவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே பாவனையாளர் ஆய்வு எனப்படுகிறது.

இதனைச் சந்தை ஆய்வுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளுதல் கூடாது. மக்கள் எதனை வாங்குவர், என்ன விலை கொடுப்பர், எந்நிறத்தை விரும்புவர் என்று அறிவது சந்தை ஆய்வு. வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்த பின்னர் அவர்களுடைய கை எவ்விடத்திற் தடுமாறுகிறது என்று அறிவது பாவனையாளர் ஆய்வு.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதிலே தனியான அக்கறை ஒன்று உண்டு. ஊரிலிருந்து வந்து சேர்ந்த அம்மம்மா மைக்ரோவேவ் அடுப்பின் முன் சற்று நேரம் நின்றுவிட்டு, "எனக்கு இதெல்லாம் விளங்காது பிள்ளை" என்று ஒதுங்கிவிடுகிறார். வீட்டிலுள்ள மற்றவர்களும் அத்தீர்ப்பை மறுப்பின்றி ஏற்றுக்கொள்கின்றனர். விறகடுப்பில் ஒரே வேளையில் மூன்று கறி வைத்துப் பெருங்குடும்பம் ஒன்றுக்குச் சோறு போட்ட ஒருவருக்கு ஒரு பெட்டி விளங்கவில்லையெனில், குறை அவரிடமா, பெட்டியிடமா? இக்கேள்வி அறிவியலாளரிடையே வலுப்பெற்ற இடம் அடுக்களை அன்று, போர்விமானத் தளம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க வான்படையிடம் பி-17 என்னும் நான்கு இயந்திரக் குண்டுவீச்சு விமானம் இருந்தது. இவ்வகை விமானங்களுட் சில பகைவரின் குண்டுக்குத் தப்பி, நலமாகத் தரையிறங்கி, ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வயிற்றால் நிலத்தில் வீழ்ந்து சிதைந்தன. விமானி தன் கையாலேயே சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டமையே காரணம். விசாரணை அறிக்கைகள் இதனை 'விமானியின் தவறு' என்று எழுதிக் கோப்பினை மூடின. இன்னும் நல்ல பயிற்சி கொடுக்க வேண்டும், இன்னும் கவனமானவர்களைத் தெரிவு செய்ய வேண்டும் என்பதே அன்றைய சிந்தனையாக இருந்தது.

ஓகையோ மாநிலத்திலுள்ள ரைட் பீல்ட் வான்படைத் தளத்தில் அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் இளம் உளவியலாளர் பணியாற்றி வந்தார். அவர் கண்ணிற் பட்டது ஓர் எளிய செய்தி. சி-47 என்னும் போக்குவரத்து விமானத்தை ஓட்டுவோர் இத்தவறைச் செய்வதில்லை. ஒரே நாட்டவர், ஒரே வகைப் பயிற்சி, ஒரே களைப்பு. ஆயினும் ஒரு விமானத்தில் நிகழும் தவறு மற்றொன்றில் நிகழவில்லை. ஆகவே காரணத்தை மனிதரிடம் தேடுவதை விடுத்து விமானத்தினுள்ளே தேடலானார். பி-17 விமானியின் இருக்கைக்கு முன்னே ஒரே வடிவும் ஒரே அளவும் கொண்ட இரு சொடுக்கிகள் அருகருகே இருந்தன. ஒன்று சக்கரங்களை இயக்குவது. மற்றையது இறக்கையின் பின்விளிம்பிலுள்ள மடல்களை இயக்குவது. தரையிறங்கியவுடன் மடல்களை உயர்த்துதல் விமானியின் கடமை. நெடுநேரப் பறப்பின் பின், கண்கள் ஓடுபாதையிலே பதிந்திருக்க, கை மட்டும் சொடுக்கியைத் தேடிச் செல்கிறது. அக்கைக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?

சப்பானிஸ் கண்ட தீர்வு மிகச் சிறியது. சக்கரத்துக்குரிய கட்டுப்பாட்டின் நுனியில் ஒரு சிறு இறப்பர்ச் சக்கரமும், மடலுக்குரியதன் நுனியில் ஆப்பு வடிவிலான ஒரு துண்டும் பொருத்தப்பட்டன. கண் பாராமலே விரல் அறிந்துகொண்டது. இன்றும் பெரிய பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதிகள், சக்கர நெம்பின் குமிழ் சக்கர வடிவிலும், மடல் நெம்பின் குமிழ் மடலை ஒத்த வடிவிலும் அமைதல் வேண்டும் என்றே கூறுகின்றன. விடுமுறைக்கு ஊருக்குப் பறக்கும் நாம் ஒவ்வொருவரும் அந்த இறப்பர்த் துண்டுக்குச் சிறிது கடன்பட்டுள்ளோம்.

1947இல் போல் பிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்னும் இருவர் இதே வழியில் மேலும் முன்னேறினர். விமானிகளிடம் அவர்கள் "இக்கருவி உங்களுக்குப் பிடிக்கிறதா?" என்று கேட்கவில்லை. நீங்கள் செய்த, அல்லது உங்கள் கண் முன் பிறர் செய்த, ஒரு குறிப்பிட்ட தவறினை நடந்தது நடந்தபடி விவரியுங்கள் என்று கேட்டனர். கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கையாள்வதில் நேர்ந்த 460 தவறுகள் இவ்வாறு திரண்டன. அவற்றுட் சரிபாதி, ஒரு கருவிக்குப் பதிலாக வேறொன்றை இயக்கிவிட்டமையால் விளைந்தவை. தம் அறிக்கையின் தலைப்பிலேயே 'விமானியின் தவறு' என்னும் சொற்களை அவர்கள் மேற்கோட் குறிகளுக்குள் இட்டனர். அவ்விரு சிறு குறிகளில் ஒரு பெரிய வாதம் அடங்கியிருப்பதாக நாம் கருதுகின்றோம்.

பொதுவாக எல்லோருக்கும் பொருந்தும் என்று எண்ணி ஆக்கப்படும் பொருள் உண்மையில் யாருக்குப் பொருந்துகிறது? 1950ஆம் ஆண்டளவில் அதே வான்படை தன் விமானிகளின் உடலளவுகளைத் திரட்டியது. கில்பேர்ட் டானியல்ஸ் என்பவர் 4063 விமானிகளின் அளவுகளை எடுத்து, உயரம், மார்பளவு, கை நீளம் போன்ற பத்து அளவுகளிலும் நடுத்தரமாக அமைந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தார். ஒவ்வோர் அளவிலும் நடுவிலுள்ள முப்பது வீதத்தினரை அவர் 'சராசரி' என்று தாராளமாகவே ஏற்றுக்கொண்டார். பத்திலும் சராசரியானவர் ஒருவர்தானும் இலர். சராசரி மனிதருக்கென்று இருக்கை அமைத்தால் அது ஒருவருக்கும் முற்றாகப் பொருந்தாது என்பது இதனால் வெளியாயிற்று. முன்னும் பின்னும், மேலும் கீழும் நகர்த்தக்கூடிய இருக்கைகளையும் மிதிகளையும் விமானத்தில் அமைக்க வேண்டும் என்னும் எண்ணம் இவ்வாறு வலுப்பெற்றது.

இனி நம் சட்டைப்பையில் உள்ள பொருளுக்கு வருவோம். தொலைபேசியில் 1, 2, 3 என்னும் எண்கள் மேல் வரிசையில் உள்ளன. கணிப்பான் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதில் 7, 8, 9 மேலே இருக்கும். மாணவர்கள் பலர் இதனை நாள்தோறும் கண்டும் ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள். சுழற்றும் வட்டுக்குப் பதிலாகப் பொத்தான்களைக் கொண்ட தொலைபேசியைச் செய்ய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் முனைந்தபோது, எண்களை எம்முறையில் அடுக்குவது என்ற கேள்வி எழுந்தது. கணிப்பான் முன்னரே இருந்ததால் அதனைப் பின்பற்றுவதே இயல்பு எனப் பொறியியலாளர் நினைத்திருக்கலாம். ஆனால் அங்கே ஜோன் கார்லின் என்னும் உளவியலாளரின் தலைமையில் மனிதரை ஆராய்வதற்கென்றே ஒரு குழு இயங்கி வந்தது.

இவ்வகை ஆய்வு இரு படிகளில் நடந்தமை கவனிக்கத்தக்கது. 1955இல் வெளியான ஓர் ஆய்வில், எழுத்தற்ற வெறும் பொத்தான்களின் படங்களைக் காட்டி, எண்கள் எங்கெங்கே இருக்குமென எதிர்பார்க்கிறீர்கள் என்று மக்களிடம் கேட்கப்பட்டது. (அதனை நடத்திய இருவருள் ஒருவர் நாம் மேலே கண்ட சப்பானிஸ்தான்.) புத்தகம் வாசிப்பது போல இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகவே பெரும்பாலோர் எண்களை இட்டனர். எதிர்பார்ப்பு என்பது ஒன்று. செயல் என்பது மற்றொன்று. ஆகவே அடுத்த படியாக, பெல் ஆய்வுகூடத்தில் பதினாறு வகை அடுக்குமுறைகளைச் செய்து, ஆட்களை அமர்த்தி, உண்மையாகவே எண்களை அழுத்தச் செய்து, எடுத்த நேரத்தையும் நேர்ந்த பிழையையும் குறித்தனர். வட்டமாக அடுக்கியதும் உண்டு, ஐந்தைந்தாக இரு வரிசையில் அடுக்கியதும் உண்டு. பொத்தானின் அளவு எவ்வளவு, அதனை எவ்வளவு விசையுடன் அழுத்த வேண்டும் என்பனவும் சோதிக்கப்பட்டன. இம்முடிவுகள் 1960இல் வெளியாயின.

உண்மையைச் சொல்வதானால், பல அமைப்புகளுக்கிடையே வேகத்திலும் பிழையிலும் காணப்பட்ட வேறுபாடு சிறியதே. ஆய்வு செய்தால் ஒரே ஒரு சிறந்த விடை ஒளிவீசித் தோன்றும் என்று எண்ணுவோர் இதனை மனத்திற் கொள்ளல் நன்று. எவை தகாதவை என்பதை ஆய்வு காட்டிவிடும். மிஞ்சிய நல்லவற்றுள் ஒன்றைத் தெரிவதற்குப் பொறியியல் வசதியும் இடவசதியும் துணை நிற்கும். இவ்வாறு தெரிவான அமைப்பு 1963 நவம்பரில் பென்சில்வேனியா மாநிலத்தின் இரு சிற்றூர்களில் முதன்முதலாகப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டது. அன்று பத்துப் பொத்தான்களே இருந்தன. உடுக்குறியும் சதுரக் குறியும் 1968இல் சேர்ந்தன. இன்று நம் பிள்ளைகள் கண்ணாடித் திரையில் தட்டும் எண்களும் அதே ஒழுங்கில்தான் உள்ளன.

கார்லினைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. தொலைபேசியின் கம்பி மூன்று அடி நீளம் இருந்த காலத்தில், அதனைக் குறைத்தால் செப்புச் செலவு மிச்சமாகும் எனக் கருதினர். எவ்வளவு குறைக்கலாம்? ஆட்களைக் கேட்டால் நீளமாக இருக்கட்டும் என்றுதானே சொல்வர்! எனவே சக ஊழியரின் மேசைகளிலிருந்த தொலைபேசிக் கம்பிகளை அவர்கள் அறியாதவாறு ஒவ்வோர் அங்குலமாகக் குறைத்து வந்தனர். ஓர் அடி குறையும் வரை எவரும் முறையிடவில்லை. கேட்டு அறிவதற்கும் பார்த்து அறிவதற்கும் உள்ள வேறுபாட்டை இதனிலும் தெளிவாகக் காட்டுவது அரிது. எனினும் ஒருவர் அறியாமல் அவரைச் சோதனைக்கு உட்படுத்துவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். இக்காலத்து ஆய்வாளர் முன்கூட்டியே ஒப்புதல் பெறுகின்றனர். அதுவே முறையும் ஆகும்.

கணினி யுகத்தில் இத்துறை புதிய திசையிற் சென்றது. 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் லூசி சக்மன் என்னும் மானிடவியலாளர் இருந்தார். பிரதி எடுக்கும் புதிய இயந்திரம் மிகவும் சிக்கலானது என வாடிக்கையாளர் குறைகூறி வந்த வேளை அது. விளம்பரமோ, பச்சைப் பொத்தானை அழுத்தினாற் போதும் என்றது. சக்மன் அவ்வியந்திரத்தை ஓர் அறையில் வைத்து, அதனை முன்னர் இயக்கியிராதவர்களை இருவர் இருவராக அழைத்து, தாளின் இருபக்கமும் பிரதி எடுப்பது போன்ற வேலைகளைக் கொடுத்து, நடந்தவற்றை ஒளிப்பதிவு செய்தார். ஏன் இருவர்? தனியாக நிற்கும் ஒருவர் வாய் திறவாமல் மனத்துக்குள்ளேயே குழம்புவார். இருவர் சேர்ந்தால், "இப்போது இது என்ன கேட்கிறது?" "நாம் முதலிலே செய்தது சரிதானா?" என்று பேசியே தீர வேண்டும். மனத்தின் ஓட்டம் அவ்வாறு காதிற் கேட்கத் தொடங்குகிறது. அப்பதிவு ஒன்றில் திண்டாடி நிற்பவருள் ஒருவர் அலன் நியூவெல். கணினி அறிவியலின் மிக உயர்ந்த பரிசாகிய டியூரிங் விருதினை 1975இல் பெற்றவர்! அறிவில்லாதவர்களுக்குத்தான் இயந்திரம் விளங்காது என்னும் வாதம் அத்துடன் முடிந்தது.

அதே காலப்பகுதியில் அப்பிள் நிறுவனத்தார் லீசா என்னும் கணினியை உருவாக்கி வந்தனர். 'இதனைச் செய்' என்னும் பொருளில் 'டூ இட்' என்ற சொற்களைத் திரையிலுள்ள பொத்தானில் இட்டிருந்தனர். சோதனைக்கு வந்தவர்கள் அவ்விடத்தில் தயங்கினர். ஒருவருக்குச் சினமே வந்துவிட்டது. இரு சொற்களுக்கிடையே இடைவெளி போதாமையாலும், ஆங்கிலப் பெரிய 'ஐ' எழுத்து சிறிய 'எல்' போலத் தோன்றியமையாலும் அவர் அதனை 'டோல்ட்', அதாவது மடையன், என்று வாசித்திருந்தார். கணினி தம்மை ஏசுகிறது என்று எண்ணியவர் பொத்தானை எப்படி அழுத்துவார்? அதன் பின்னரே 'ஓகே' என்னும் சொல் அங்கு இடப்பட்டது. பல மாதங்கள் அத்திரையைப் பார்த்துப் பழகிய வல்லுநர் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

அடுக்களைக்கும் இவ்வாய்வு வராமல் இல்லை. சாம் பாபர் என்பவர் வீட்டுப்பொருள் வணிகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி பெற்சிக்கு மூட்டுவாதம். தோல் சீவும் சாதாரண உலோகக் கருவியைப் பிடிக்க அவர் படும் துன்பத்தைக் கண்டதிலிருந்து பிறந்தவையே 1990இல் 'ஒக்சோ' என்னும் பெயரில் வந்த தடித்த, மென்மையான இறப்பர்ப் பிடி கொண்ட சமையற் கருவிகள். வலியுள்ள கைக்கென ஆக்கியது வலியற்ற கைக்கும் இதமாக இருந்தமையால் அவை எங்கும் பரவின. அப்பணியில் ஆலோசனை கூறியவர்களுள் பற்றீசியா மூர் என்னும் வடிவமைப்பாளரும் ஒருவர். அவர் 1979 முதல் 1982 வரை, இருபதுகளின் வயதில், எண்பது கடந்த மூதாட்டியாக வேடமிட்டு, காதை அடைத்து, கண்ணாடியை மங்கச் செய்து, மூட்டுகளைக் கட்டி, அமெரிக்காவிலும் கனடாவிலுமாக நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களுக்குச் சென்று வந்தவர். கதவுகளும் படிகளும் போத்தல் மூடிகளும் முதியோரை எவ்வாறு நடத்துகின்றன என்று தம் உடலாலேயே அறிந்துகொண்டார்.

இவ்வாய்வுக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. மேல்வகுப்பு மாணவர்கள் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மேலே நாம் கூறிய மைக்ரோவேவ் அடுப்பையே எடுத்துக்கொள்வோம். முதலில், "நாங்கள் சோதிப்பது இந்த அடுப்பை, உங்களை அன்று" என்று அம்மம்மாவிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாவிடில் அவர் பரீட்சை எழுதுபவர் போல அஞ்சுவார். பின்னர் "டைமரை அழுத்துங்கள்" என்று கூறாமல், "இந்தச் சோற்றைச் சூடாக்குங்கள்" என்று தேவையை மட்டும் கூறுங்கள். மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும்படி கேளுங்கள். அதன் பின் பேசாதிருங்கள். நம்மவர்க்குக் கடினமானது இதுவே. பெரியவர் ஒருவர் தடுமாறுவதைக் கண்டும் கை கொடாதிருத்தல் நம் வளர்ப்புக்கு மாறானது. ஆயினும் நாம் கை நீட்டிய கணத்திலேயே அறிய வேண்டியது மறைந்துவிடும். இரண்டு நிமிடம் பொறுத்து, விரல் எங்கே நின்றது, எந்தப் படத்தை அவர் எப்படிப் பொருள் கொண்டார் என்று குறித்த பின்னர் உதவலாம்.

எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்? யாக்கோப் நீல்சன் என்னும் டென்மார்க் நாட்டு அறிஞர், ஒரு சுற்றுக்கு ஐவர் போதும் என்றும், அவர்களிடம் கண்ட குறைகளைத் திருத்திவிட்டு வேறு ஐவரைப் பார்ப்பதே நூறு பேரை ஒரே முறை பார்ப்பதிலும் பயனுடையது என்றும் கூறி வந்துள்ளார். இதனை மந்திரமாகக் கொள்ளலாகாது. ஐவரும் ஒரே தன்மையராயின் மட்டுமே அது பொருந்தும். முதியோர் ஐவர், சிறுவர் ஐவர் எனப் பிரித்துப் பார்த்தலே தகும்.

தமிழுக்கும் இதனைப் பயன்படுத்தலாம். 1999இல் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் வலக்கைக்கும் வருமாறு அமைந்தது அது. பழைய தட்டச்சில் பழகியவரின் விரலோ வேறிடம் தேடும். ஆங்கில எழுத்தை முதலிற் கற்ற நம் பிள்ளைகளின் விரல் அவ்வெழுத்தின் ஒலி வழியே தமிழைத் தட்டும். எது சிறந்தது என்று கூட்டங்களில் வழக்காடுவதினும், ஒரு பிள்ளையையும் ஒரு பெரியவரையும் அமர்த்தி ஐந்து வரி எழுதச் செய்து பார்த்தல் கூடிய தெளிவு தரும்.

பாடநூலும் ஆக்கப்பட்ட ஒரு பொருளே. வார இறுதி வகுப்பில் ஒரு பிள்ளை பயிற்சித்தாளைத் தவறாகச் செய்தால், "இவனுக்குத் தமிழ் ஏறுதில்லை" என்று சொல்லிவிடுவது எளிது. அது 'விமானியின் தவறு' என்று எழுதிக் கோப்பினை மூடுவதற்கு ஒப்பானது. அத்தாளிலே எகரமும் ஏகாரமும் வேறுபாடு தெரியாதபடி சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கலாம். 'கோடிட்ட இடம்' என்னும் தொடரே அப்பிள்ளைக்கு விளங்காதிருக்கலாம். இந்நாட்டில் காணாத நுங்கின் படத்தைப் பார்த்து அதன் பெயரை எழுதும்படி கேட்டிருக்கலாம். அடுத்த தவணைக்குரிய தாள்களை அச்சிடக் கொடுக்குமுன், கீழ்வகுப்புப் பிள்ளைகள் ஐவர் முன் அவற்றை வைத்து, ஆசிரியர் வாய் திறவாது அருகிலிருந்து, பென்சில் நின்றுவிடும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு சனிக்கிழமைக் காலை போதும்.